ஜெர்மனிக்குக் குடிவந்தபின் முதல் ஓராண்டு: அன்றாட வாழ்க்கைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் காலை பால் வாங்கலாம் என்று கீழே போனோம். நான்கு தெரு நடந்தும் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. கும்பகோணத்தில் பொங்கலன்றுகூட ஏதாவது ஒரு கடையில் பால் பாக்கெட் கிடைத்துவிடும். இங்கே கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில்தான் பால் வாங்கினோம். பருப்புப்பொடி முதல் வடாம் வரை மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பிய உறவுகளில் ஒருவருக்கும், ஞாயிறன்று கடை இருக்காது என்பது தெரிந்திருக்கவில்லை.

ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. புதிதாக வரும் குடும்பங்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இந்த ஊரில் எதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் சொல்லாமல் வந்து நிற்பது உரிமை, பாசம். இங்கே ஒருவருடைய நேரத்தைக் கேட்டு வாங்குவதுதான் மரியாதை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதுவரை இங்குள்ளவர்கள் எல்லோரும் ஒட்டாத மனிதர்கள் என்றே நினைத்திருந்தேன். அந்த ஒன்றரை ஆண்டு உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: கிளம்பும் முன்பே பெயரைச் சரிசெய்யுங்கள்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ எழுதுகிறோம், சிலர் காலியாகவே விட்டுவிடுகிறோம். காலியாக இருந்தால் ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்கும்படி பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்வது நல்லது. பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வந்தபின் திருத்துவது பெரும் அலைச்சல்.

இங்கே உங்களைக் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆண் என்றால் ‘ஹெர்’, பெண் என்றால் ‘ஃப்ராவ்’ என்று முன்னால் சேர்ப்பார்கள். முதன்முதலாக மருத்துவரின் காத்திருப்பு அறையில் ‘ஃப்ராவ்’ என்று சொல்லி அதன்பின் என் அப்பாவின் பெயரைச் சொன்னபோது நான் எழுந்திருக்கவே இல்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் அது நான் என்று உறைத்தது. அப்பா அந்த வருடம்தான் காலமாகியிருந்தார். முன்பின் தெரியாத ஒரு பெண் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழைத்தது இன்றும் காதில் இருக்கிறது.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், கணவர் பாஸ்போர்ட்டில் என் மாமனார் பெயர், எங்கள் மகளுக்குக் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். அஞ்சல் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். இங்கே பல வீடுகளில் கதவு எண்ணே கிடையாது. பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள், இல்லையென்றால் அது திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாமே கடிதத்தில் வருபவை என்பதால் இந்தச் சின்னச் சீட்டைக் குடிபோன அன்றே ஒட்டிவிடுங்கள்.

படி 2: முதல் 2 வாரங்களில் செய்ய வேண்டியவை

வீடு மாறிய 2 வாரங்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ‘அன்மெல்டுங்’ என்று பெயர். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிக் கடிதம் கட்டாயம் வேண்டும். பெரிய நகரங்களில் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே கடினம். ஊரில் இருக்கும்போதே இணையத்தில் ‘டெர்மீன்’, அதாவது முன்பதிவு நேரம், எடுத்துவிடுங்கள். இந்த டெர்மீன் என்ற சொல்லை இனி தினமும் கேட்பீர்கள். மருத்துவர், வங்கி, முடிதிருத்தும் கடை என எல்லா இடத்திலும் அதுதான் முதல் கேள்வி.

பதிவுப் படிவத்தில் மதம் என்ன என்று கேட்பார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று பதிவானால் சம்பளத்தில் தேவாலய வரி பிடிப்பார்கள். வருமான வரியில் 9 விழுக்காடு, நாங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க்கிலும் பவாரியாவிலும் 8 விழுக்காடு. கிறிஸ்தவக் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வாடகை வீடு என்றால் நம் மனத்தில் இருக்கும் படம் வேறு. இங்கே பல வீடுகளில் சமையலறையே இருக்காது. தொட்டி, அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்கும் இருக்காது, கூரையிலிருந்து ஒயர் மட்டும் தொங்கும். வீடு பார்க்கும்போதே சமையலறை சேர்ந்ததா என்று கேளுங்கள். முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை, அதை மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

பொது ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று இல்லை. ஏமாற்று வேலை என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பொதுவாகவே எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் வைக்காதீர்கள், பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு கெடு தேதி இருக்கும்.

படி 3: ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகுங்கள்

ஞாயிறு ஓய்வு நாள் என்பதை ஜெர்மனியின் அரசியலமைப்பே பாதுகாக்கிறது. ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்குகள், சில மணி நேரம் திறக்கும் ரொட்டிக் கடைகள் தவிர எல்லாம் மூடியிருக்கும். மருந்துக் கடைகள் முறை வைத்துத் திறந்திருக்கும். ஈஸ்டர் சமயத்தில் இன்னும் கவனம் வேண்டும். புனித வெள்ளி மூடல், சனி திறப்பு, ஞாயிறும் திங்களும் மூடல். டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் அப்படியே.

ஓய்வு என்றால் சத்தமும் ஓய்வுதான். இரவு 10 முதல் காலை 6 வரையிலும், ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டும். சுவரில் துளை போடுவது, புல் வெட்டுவது கூடாது. காலி பாட்டில்களைத் தெருவிலுள்ள கண்ணாடித் தொட்டியில் போடுவதுகூட அன்று கூடாது, உள்ளே விழும் சத்தம் தெருவுக்கே கேட்கும். இட்லிக்கு அரைப்பதைச் சனிக்கிழமை மாலையே முடித்துவிடுவேன். கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டுக்கு அதிர்வு போகாது. குளிர்காலத்தில் மாவு பொங்காது. அடுப்பைச் சூடாக்காமல், ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை இரவு முழுக்க வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

முதல் சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமை வெறிச்சென்று இருந்தது. இப்போது எனக்கு வாரத்தில் மிகப் பிடித்த நாள் அதுதான். நெக்கர் ஆற்றங்கரையிலும் காட்டுப் பாதைகளிலும் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். நீங்களும் நடங்கள்.

படி 4: ஒரு கட்டடத்தில் பலர் வாழும் முறை

புதிதாக வருபவர்களுக்கு மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இதில்தான்.

முதலில் மாடிப்படி. ஸ்டுட்கார்ட் பக்கத்து ஸ்வேபிய ஊர்களில் ‘கேர்வொஹெ’ என்று ஒரு வழக்கம் உண்டு. பெருக்கும் வாரம் என்று பொருள். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு சிறிய பலகை தொங்கும். உங்கள் மாடியை மட்டும் துடைப்பது சிறிய கேர்வொஹெ, நிலவறை, வாசல், நடைபாதை எல்லாம் சேர்ந்தது பெரியது. பனி பெய்தால் காலையிலேயே நடைபாதையைச் சுத்தம் செய்வதும் பெரும்பாலும் இதில் சேரும். எங்கள் கதவில் முதல்முறை பலகை தொங்கியபோது, ஏதோ விளம்பரம் என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். பத்து நாள் கழித்து மேல்வீட்டுப் பாட்டி மணியடித்து, பலகை எங்கே என்று மட்டும் கேட்டார். விளக்கம் சொன்னதும் தன் வாளியைக் கொண்டுவந்து எப்படிச் செய்வது என்று காட்டிக் கொடுத்தார். வாசல் தெளித்துக் கோலம் போடும் ஊரிலிருந்து வந்த எனக்கு இந்த வழக்கம் உடனே மனத்துக்கு நெருக்கமாகிவிட்டது.

அடுத்து குப்பை. காகிதம் ஒரு தொட்டி, பிளாஸ்டிக் உறைகளும் டப்பாக்களும் மஞ்சள் பை அல்லது மஞ்சள் தொட்டி, காய்கறிக் கழிவு ஒரு தொட்டி, மீதமெல்லாம் ஒரு தொட்டி. காய்கறிக் கழிவைப் பிளாஸ்டிக் பையோடு போடக் கூடாது. புளிக் கோதும் கறிவேப்பிலைக் காம்பும் காகிதத்தில் சுற்றிப் போடுங்கள். கண்ணாடியை வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரிக்க வேண்டும். நீல நிறப் பாட்டில் பச்சையோடு சேரும். தண்ணீர், பழச்சாறு பாட்டில்களுக்கு வேறு வழி. வாங்கும்போதே ஒரு வைப்புத்தொகை சேர்த்து வாங்குகிறார்கள், ‘ஃபாண்ட்’ என்று பெயர். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட், மறுபடி நிரப்பும் பாட்டில்களுக்கு பெரும்பாலும் 8 அல்லது 15 சென்ட். பல்பொருள் கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். நசுக்கிய பாட்டிலை இயந்திரம் ஏற்காது. பாட்டில் தூக்க வேண்டாம் என்றால் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், சுத்தமானது.

மூன்றாவது காற்று. ‘லுஃப்டன்’ என்பார்கள். வெளியே மைனஸ் 5 பாகை இருந்தாலும் எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் வைக்க வேண்டும், நாளுக்கு இரண்டு மூன்று முறை. குளிரில் ஏன் திறக்க வேண்டும் என்று நாங்கள் முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னலை மூடியே வைத்திருந்தோம். இங்குள்ள ஜன்னல்கள் காற்றுப் புகாதவை. நாமோ தினமும் சோறு வடிக்கிறோம், குக்கர் வைக்கிறோம், துணியை வீட்டுக்குள் காயப்போடுகிறோம். அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில் படிந்து கருப்புப் பூஞ்சையாகிவிடும். படுக்கையறை மூலையில் அப்படி ஆகி, வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பெரிய தொகையை இழந்தோம். ஜன்னலைச் சாய்த்துச் சிறு இடைவெளி விடுவது போதாது, அகலத் திறக்க வேண்டும்.

தாளிப்பு வாசனையைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை, கொஞ்சம் திட்டமிட்டால் போதும். தாளிக்கும்போது சமையலறைக் கதவை மூடி ஜன்னலைத் திறங்கள். கம்பளிக் கோட்டுகளைச் சமையலறைக்குத் தள்ளி மாட்டுங்கள், அதில் ஒட்டும் வாசனை எளிதில் போகாது. மிளகாய் கருகினால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அதைக் கழற்றி வைக்காதீர்கள், அது சட்டப்படி இருக்க வேண்டியது.

வீட்டில் பிறந்தநாள், சீமந்தம் என்று பத்துப் பேர் கூடினால் இரண்டு நாள் முன்பே மாடிப்படியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். இன்ன நாள் இவ்வளவு மணி வரை விருந்து, சத்தம் இருந்தால் மணியடியுங்கள் என்று இரண்டு வரி. நான் முதலில் சொன்ன முன்கூட்டிச் சொல்வது என்பது இதுதான். சீட்டு ஒட்டிய எந்த விருந்துக்கும் எங்களுக்குப் புகார் வந்ததில்லை.

படி 5: மணி சொல்லும் முறை

‘ஹால்ப் டிரை’ என்றால் சொல்லுக்குச் சொல் அரை மூன்று. ஆனால் அது இரண்டரை மணி, மூன்றரை இல்லை. மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று எண்ணுகிறார்கள். ஸ்வேபியர்கள் ‘ஃபியர்டல் டிரை’ என்று சொன்னால் அது இரண்டேகால். புரியாவிட்டால் 14.30 என்று எண்ணில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் தாமதமாகும் என்றாலும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

படி 6: தலையாட்டலும் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லும்

சரி என்று சொல்ல நாம் தலையை இரு பக்கமும் லேசாகச் சாய்ப்போம். இங்குள்ளவர்களுக்கு அது ஆமாமா இல்லையா என்றே புரியாது. என் மேலாளர் ஒருமுறை, ‘நீங்கள் என்னோடு உடன்படவில்லையா?’ என்று கவலையோடு கேட்டார். நான் முழுக்க உடன்பட்டிருந்தேன். தலை அசைந்தாலும் வாயால் ‘யா’ என்றும் சொல்லிவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது, முடியாததை முடியாது என்று சொல்வது. நமக்கு முகத்துக்கு நேராக மறுக்க வராது. பார்க்கலாம், முயற்சி செய்கிறேன் என்போம், கேட்பவருக்கும் உள்ளர்த்தம் புரிந்துவிடும். இங்கே முயற்சி செய்கிறேன் என்றால் செய்யப்போகிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை அது நடக்கவில்லை என்றால் நம்பிக்கை போய்விடும். வெள்ளிக்குள் முடியாது, செவ்வாய் தருகிறேன் என்று திங்களன்றே சொன்னால் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள்.

அவர்களும் அப்படித்தான் பேசுவார்கள். இந்தப் பகுதி சரியில்லை, மாற்றுங்கள் என்று நேரே சொல்வார்கள். அன்றிரவு நீங்கள் தூங்காமல் இருப்பீர்கள், அவர்கள் மறுநாள் காபி குடிக்கக் கூப்பிடுவார்கள். வேலையைப் பற்றிச் சொன்னது உங்களைப் பற்றியது ஆகாது.

தெரியாதவர்களை ‘ஸீ’ என்று விளிக்க வேண்டும், நம் ‘நீங்கள்’ போல. நெருங்கியபின் ‘டூ’, நம் ‘நீ’. தமிழருக்கு இது எளிது. பொதுவாக வயதில் மூத்தவர்தான் ‘டூ’ என்று அழைக்கலாமே என்று சொல்வார். எங்கள் மேல்வீட்டுப் பாட்டி அதைச் சொல்ல நான்கு ஆண்டுகள் ஆயின. சொன்ன அன்று கேக் வைத்திருந்தார்.

மாடிப்படியிலும், மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போதும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லுங்கள். இந்தப் பக்கம் ‘க்ரூஸ் கோட்’ என்பார்கள். சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை போன்ற கேள்விகள் வேண்டாம்.

படி 7: விருந்துக்குப் போவதும் கூப்பிடுவதும்

சாப்பிடுகிறீர்களா என்று நம் வீட்டில் கேட்டால் முதலில் வேண்டாம் என்போம். அவர்கள் விடாமல் கேட்பார்கள், மூன்றாவது முறை உட்காருவோம். இங்கே ஒருமுறைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் அந்தப் பதிலை மதித்து விட்டுவிடுவார்கள். ஒரு தோழி வீட்டில் பழக்க தோஷத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தேன். என்ன நினைத்தாளோ என்று பல நாள் மனது கனத்தது. அவள் எதுவும் நினைக்கவில்லை. வேண்டும் என்றால் முதல் முறையே வேண்டும் என்று சொல்லுங்கள்.

அவர்கள் நம் வீட்டுக்கு வந்தால் இதையே திருப்பி யோசியுங்கள். இலை காலியானதும் நாம் பரிமாறுவோம். அவர்களோ தட்டில் மிச்சம் வைப்பது தவறு என்று நினைத்துத் திணறித் திணறிச் சாப்பிடுவார்கள். பாத்திரங்களை மேசையில் வைத்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் இரு பக்கமும் நிம்மதி. இறைச்சி, முட்டை, கொட்டை வகை ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விருந்து நாள் மூன்று நான்கு வாரம் முன்பே குறிக்கப்படும். போகும்போது பூவோ இனிப்போ போதும். உணவகத்துக்குச் சேர்ந்து போனால் அவரவர் பில்லை அவரவர் கொடுப்பார்கள், பரிமாறுபவரே ‘சேர்த்தா, தனித்தனியா’ என்று கேட்பார். பணம் கொடுக்கும்போது டிப்ஸும் சேர்த்துத் தொகையைச் சொல்லிவிட வேண்டும், மேசையில் விட்டு வரும் வழக்கம் குறைவு. பிறந்தநாள் வாழ்த்தை ஒருநாள்கூட முந்திச் சொல்லாதீர்கள், அபசகுனம் என்பார்கள். உங்கள் பிறந்தநாளுக்கு அலுவலகத்துக்குக் கேக் கொண்டுபோவது நீங்கள்தான்.

படி 8: உடம்பு சரியில்லாவிட்டால்

குடியேறிய முதல் மாதமே பக்கத்தில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடிப் பதிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் வந்தபின் தேடினால் புது நோயாளிகளை எடுப்பதில்லை என்பார்கள். சளிக்கும் இருமலுக்கும் ஓய்வும் மூலிகைத் தேநீரும்தான் பெரும்பாலும் வைத்தியம். ஊசி போடவில்லையே என்று வருந்த வேண்டாம்.

வேலைக்குப் போக முடியாவிட்டால் காலையிலேயே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவர் சான்று தேவை, சில நிறுவனங்கள் முதல் நாளே கேட்கும். காய்ச்சலோடு வேலைக்குப் போனால் பொறுப்பானவர் என்று யாரும் மெச்ச மாட்டார்கள், மற்றவருக்கும் ஒட்டும் என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரவிலோ விடுமுறையிலோ மருத்துவர் வேண்டும், ஆனால் அவ்வளவு அவசரமில்லை என்றால் 116117. காவல்துறைக்கு 110.

படி 9: நம் ஆட்களைத் தேடுங்கள்

1980களில் போரினால் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் இங்கே நமக்கு முன்பே வழி போட்டு வைத்திருக்கிறார்கள். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும் பல கடைகள் அவர்களுடையவை. ஹம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோவில் இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். தொழிற்கூடங்கள் நிறைந்த தெருவில் தேர் அசைந்து வருவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் ஆண்டிலேயே ஒருமுறை போய் வாருங்கள். ஜெர்மன் நண்பர்களையும் கூட்டிப் போங்கள்.

படி 10: அம்மா அப்பா வரும்போது

பெற்றோரை அழைக்கிறீர்கள் என்றால் மூன்று நான்கு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். சுற்றுலா விசாவில் 90 நாள் வரை தங்கலாம். அவர்கள் செலவுக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழிப் பத்திரத்தை நீங்கள் இங்குள்ள அலுவலகத்தில் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கும் டெர்மீன் உண்டு. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

வந்த முதல் நாளே சொல்ல வேண்டியவை சில. சாலையில் வண்டியே இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கில் கடக்கக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள் பார்க்கும்போது. நடைபாதையில் சைக்கிளுக்கென்று பிரித்த பகுதியில் நிற்கக் கூடாது. நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் ஏறிப் போகிறவர்களுக்கு. ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு இருக்காது, ஆனால் சீட்டில்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். சாலையில் போகும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சக் கூடாது, பெற்றோரிடம் புன்னகைத்தால் போதும்.

எங்கள் அம்மா வந்த மூன்றாம் நாளே, நாங்கள் அலுவலகம் போயிருந்த நேரத்தில், கொண்டைக்கடலைச் சுண்டலை எடுத்துக்கொண்டு மேல்வீட்டுப் பாட்டியின் மணியை அடித்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல்தான். மாலையில் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். பாட்டி என்னை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி, நாட்காட்டியைக் காட்டினார். வரும் வியாழக்கிழமைக்கு நேராக, மாலை 4 மணி என்று போட்டு, அம்மாவின் பெயரை எழுதி வைத்திருந்தார்.